வாய் திறக்க ஒரு நிபந்தனை

"உங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டேன். இந்த ஊர் டாக்டரைக் கூப்பிடுங்க."

சாய்வு நாற்காலியில் படுத்திருந்தவர் இதைச் சொல்ல மட்டும் வாயைத் தாராளமாகத் திறந்தார். அந்த ஒரு நொடியில் பல் டாக்டர் பார்த்துவிட்டாள். கீழ்க் கடைவாய்ப்பல், வேரில் சீழ். கன்னம் பூசணிக்காயாக உப்பியிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சொந்த நாட்டில் கைராசிக்காரி என்று பேரெடுத்தவள். இங்கே வந்து படித்ததையே மறுபடி படித்து, எழுதிய பரீட்சையையே மறுபடி எழுதி, வருஷங்கள் ஓடியும் இன்னும் "புது டாக்டர்"தான்.

"சார், இன்னிக்கே சீழை எடுத்தாகணும். விட்டா கழுத்துக்கு இறங்கிடும்."

"அதெல்லாம் உங்க ஊர்ப் பல்லுக்கு."

நர்ஸ் அக்கா சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டாள். டாக்டர் அலுப்போடு எழுந்து போய், பக்கத்து அறையிலிருந்த பெரிய டாக்டரை அழைத்து வந்தாள். அவர் இரண்டு வார்த்தை பேசினாரோ இல்லையோ, பூசணிக் கன்னக்காரர் உச்சரிப்பைப் பிடித்துவிட்டார்.

"இவரும் வெளிநாடா? உள்ளூர்க்காரங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

பெரிய டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

"நான் இருக்கேனே!" வாசலில் மேனேஜர். சத்தம் கேட்டு வந்திருந்தார். டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "இவர் புகார் கொடுத்தா உங்க வேலைக்கே ஆபத்தும்மா. நான் டாக்டர் கோட்டை மாட்டிக்கறேன். அவர் வாயைத் திறந்ததும் நீங்க புகுந்துடுங்க."

"சார், உங்களுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்?"

"தினமும் விளக்கறேனே!"

அவள் தடுப்பதற்குள் மேனேஜர் வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்துவிட்டார்.

"அப்பாடா, நம்ம ஆளு!" பூசணிக் கன்னக்காரர் குகை போல வாயைத் திறந்தார்.

"எங்க வலிக்குது? இங்கயா?" மேனேஜர் விரலை விட்டு, எதைத் தொடவே கூடாதோ அதையே அழுத்தினார்.

வாய் படக்கென்று மூடிக்கொண்டது. விரல் உள்ளே இருந்தது. ஒருவர் வாயைத் திறந்து அலறினார். இன்னொருவர் வாயை மூடிக்கொண்டே அலறினார்.

விரல் ஒருவழியாக ரத்தத்தோடு வெளியே வந்தது. டாக்டர் மருந்தும் பஞ்சும் எடுத்து நீட்டினாள். மேனேஜர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேண்டாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க... நம்ம ஆளு யாராவது..."

அவள் பஞ்சைத் தட்டிலேயே போட்டாள். ஒன்றுக்கு இரண்டாயிற்று. ஒருவர் வாயைக் காட்ட மாட்டார்; மற்றவர் கையைக் காட்ட மாட்டார்.

"போன வருஷம் வேலையை விட்டுட்டுப் போனாரே, நம்ம ஊர் டாக்டர், அவருக்குப் போன் போடுங்க," என்றார் மேனேஜர், விரலை உதறிக்கொண்டே.

"போடுங்க, போடுங்க," என்று முனகியது பூசணிக் கன்னம்.

டாக்டரே போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; கடைசியில் அவர் எடுத்தார்.

"சார், ஒரு அவசரம். இங்க ஒருத்தர் உள்ளூர் டாக்டர்கிட்டதான் வாயைத் திறப்பாராம். ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு.

"எப்படிம்மா வருவேன்? நான் இப்போ வேலை பாக்கறதே உங்க நாட்டுலதான். இங்க ஒருத்தர் 'எங்க ஊர் டாக்டர் வந்தாத்தான் வாயைத் திறப்பேன்'னு காலையிலேருந்து உக்காந்திருக்கார். போனை அவர்கிட்ட தர்றேன், உங்க பாஷையில நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்!"