நான் பதவி இறங்கியதும் உன் மகள் பேராசிரியர் ஆனதும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் முதுகுவலியும் எப்படி என்று எழுதவும்.

நிற்க. நான் சொன்னேனா இல்லையா? உன் மகள் தொட்டிலில் கிடந்து எல்லாரையும் அதட்டியபோதே, "இவ அரசியல் படிச்சுப் பேராசிரியர் ஆவா" என்றேன். நீ, "முதல்ல பல்லு முளைக்கட்டும் அண்ணா" என்றாய். நேற்று மாலை முதல் அவள் முழுப் பேராசிரியர். போனில் உன்னிடம் "ஆயிடுச்சும்மா" என்று ஒரு வரியில் முடித்திருப்பாள். விவரம் என்னிடம்தான் இருக்கிறது. காரணம் யார் என்று சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது. நான்தான்.

அவள் இத்தனை வருஷமாக எழுதியது என்ன? ஒரே ஆள் ஆண்ட இடத்தில் ஜனங்கள் ஆளத் தொடங்குவது எப்படி என்பதுதான். ஜனநாயகமயமாதல் என்று பெயர். நான் ஒரே மூச்சில் சொல்வேன். நாற்காலியில் இருப்பவனை அடித்து விரட்டினால் அடுத்தவனும் அதே மாதிரிதான் உட்காருவான், அவனே எழுந்து வழிவிட்டால்தான் ஆட்சி உருப்படும் என்பது அவள் கட்சி. புத்தகம் தலையணை கனம். முன்னட்டை முழுவதும் படித்துவிட்டேன். இந்தப் பதவிக்கு எல்லார் முன்னாலும் உரையாற்றி, வெளியிலிருந்து வரும் நிபுணரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். முன்பே இரண்டு தடவை தட்டிப்போனது உனக்குத் தெரியும். இந்தத் தடவையும் போனால் இனிக் கிடையாது. ஆள் குறைவாக இருக்குமே என்று என்னைக் கூப்பிட்டாள். "மாமா, முன்வரிசையில உக்காருங்க, வாயைத் திறக்காதீங்க" என்றாள். முதல் பாதியைச் செய்தேன்.

உரை ஜோராகத்தான் போனது. பிறகு நிபுணர், தாடிக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாடுகளோட கதையெல்லாம் சரிம்மா. ஒரு சின்ன சங்கத்துல, தானா இறங்கின ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்" என்றார். அவள் தண்ணீர் குடித்தாள். பதில் இல்லாதபோதுதான் அவள் தண்ணீர் குடிப்பாள் என்று பெற்றவளுக்குச் சொல்ல வேண்டுமா? எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "காட்டலாம் சார். இதோ நிக்கிறேன்" என்றேன். உன் மகள் இன்னொரு டம்ளர் குடித்தாள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவர் அல்லவா? எப்படி நீடித்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். பொதுக்கூட்டத்தைக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வைப்பேன். குடத்தைப் போட்டுவிட்டு எவர் வருவார்? வராதவர் ஓட்டெல்லாம் தலைவருக்கே என்பது சங்க விதி. விதியை எழுதியவன் நான். சபை சிரித்தது, தாடிக்காரர் பேனாவைத் திறந்தார். "அப்புறம் ஏன் இறங்கினீங்க?" "என் தங்கச்சி மக புத்தகம் வந்துச்சு சார்" என்றேன். மனம் திருந்தி, தண்ணீர் வராத நேரமாகப் பார்த்துக் கூட்டம் போட்டதையும், மூன்றாம் மாடித் தையல்காரம்மா ஜெயித்ததையும், தலைவர் நாற்காலியை என் கையாலேயே துடைத்துக் கொடுத்ததையும், காவலாளி விக்கி விக்கி அழுததையும், லிஃப்டே ஒரு நிமிடம் நின்றுபோனதையும் சொன்னேன். (லிஃப்ட் தினமும் நிற்பதுதான். அதைச் சொல்லவில்லை.)

தாடிக்காரர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "இதுதாம்மா ஆராய்ச்சி!" என்றார். எங்களை வெளியே உட்காரவைத்தார்கள், கூப்பிட்டார்கள், ஆகிவிட்டது! கைதட்டலில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. காதைத் தீட்டிக் கேட்டால் எனக்குச் சற்றுக் கூடுதல். பேருந்தில் திரும்பும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ பெரிய காரியம் பண்ணிட்டு எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?" என்றாள். "செஞ்சதைச் சொல்லிக்காட்டுற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்றேன்.

உன் வீட்டு வாசலுக்கு நல்ல சேதி மட்டுமே வழி கேட்டு வரட்டும். மாப்பிள்ளையின் முதுகு நிமிரட்டும். மகளைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல நிமிர்ந்துதானே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
முன்னாள் தலைவர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. மேலே ஒரே ஒரு விஷயம் கற்பனை: நான் பதவி இறங்கியது. தாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தை நேரில் பார்க்க வருகிறாராம், அதனால் உன் மகளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. கத்துவாள் என்று பார்த்தேன். உடனே அவருக்குப் போன் போட்டு, "மாமா சொன்னது பொய் சார், இன்னும் இறங்கல. என் பதவியைப் பத்தி நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். அவர் சிரித்தாராம். "பதவி உங்க புத்தகத்துக்குக் குடுத்தது, உங்க மாமாவுக்கு இல்ல. ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்குறதைப் பார்க்கவே வர்றேன்" என்றாராம். ஆகவே தேர்தல் நிஜமாகவே நடக்கிறது. தையல்காரம்மா நிற்கவில்லை, உன் அண்ணி நிற்கிறாள். காலையில் மாடி மாடியாக ஓட்டுக் கேட்கப் புறப்பட்டவள் முதலில் என் முன்னால் வந்து நின்று, "உங்க ஓட்டும் எனக்குத்தான்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.