அன்டனா நானாவும் ஒற்றைக் கம்பியும்

மாத்தளை மாவட்டத்தில் மிளகைவிட அமோகமாக விளைகிற பொருள் ஒன்று உண்டென்றால், அது அலுவிகாரை அன்டனா நானாவின் பேச்சுதான். மிளகுக்காவது ஒரு பருவம் உண்டு. நானாவுக்கு அதுவும் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும், நான் பார்த்ததில்லை. பெரிய வீதியோரத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் விற்கிற சின்னக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டுக் கூரையிலிருந்து புறப்பட்டு, வேலியைத் தாண்டி, எங்கள் வளவுப் பலாமரத்தில் வந்து முடிகிற ஒரு செப்புக் கம்பி. கம்பி கொடுத்த பெயர்தான் அன்டனா; நானா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். மின்சார பில் கொண்டுவருகிறவர்கூட அப்படிச் சொன்னால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்.

நானா முறையாக அனுமதி வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர். அதாவது, வீட்டில் உட்கார்ந்தபடி சொந்த வானொலிப் பெட்டியில் கூப்பிட்டு, உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் இதே பைத்தியம் பிடித்திருக்கும் இன்னொருவரோடு சுகம் விசாரிக்கிறவர். "இதுக்கு வாட்ஸ்அப்ல பேசிட்டுப் போகலாமே நானா?" என்று ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"வாட்ஸ்அப்புல ஆரு எடுப்பாங்கன்னு முன்னாடியே தெரியுமே மாஸ்டர். அதுல என்ன ருசி ஈக்கி?" நானாவின் வாயில் 'இருக்கிறது' எப்போதும் 'ஈக்கி'தான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற நான், விடை முன்னாடியே தெரிந்த கணக்குகளை மட்டுமே கொடுத்துப் பழகியவன்.

அவரிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. பேசுகிற பெட்டி அவரே ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் செய்தது. கேட்கிற பெட்டி ஏதோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப் போட்டது. தூக்க நான்கு ஆள் வேண்டும். பெட்டிக்கு ஒரு கம்பி என்று இரண்டு கம்பி கட்ட வேண்டும் என்பது நானாவின் ஆசை. அனுமதி கேட்க என் மனைவியிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒங்கட பலாமரத்துல ரெண்டே ரெண்டு கம்பி கட்டிக்கட்டுமா?"

"ஒன்னு கட்டிக்கங்க நானா. ரெண்டாவது கம்பி ஏறிச்சுன்னா நான் மரத்தையே வெட்டிப்புடுவேன். ரெண்டு கம்பிக்கு நடுவுல காய் பறிக்க யாரு ஏறுறது?"

ஆகவே ஒரே கம்பி, இரண்டு பெட்டி. நானா சுவரில் ஒரு பெரிய ஹேண்டிலைப் பூட்டினார். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றுவதற்குக் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி இரும்பு ஹேண்டில். மேலே தள்ளினால் கம்பி பேசுகிற பெட்டிக்குப் போகும். கீழே இழுத்தால் கேட்கிற பெட்டிக்கு வரும்.

"ரெண்டுக்கும் ஒரே நேரத்துல குடுத்தா, பேசுற பெட்டிட வேகத்துல கேக்குற பெட்டி கருகிப் போயிரும் மாஸ்டர். பேசுறப்ப கேக்க ஏலாது. கேக்குறப்ப பேச ஏலாது. அதுதான் சட்டம்."

"இப்ப வர்ற பெட்டியில பட்டன அமுக்கினா தானா மாறுதாமே?"

"தானா மாறினா பொறகு மனுசன் எதுக்கு?" என்றார் நானா, மிகவும் மனம் புண்பட்டவராக.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது நானாவின் கையில் இருந்தது. ஹேண்டில் ஏறியது ஏறியபடியே நின்றது. கடைக்குக் கராம்பு வாங்க வந்தவர்கள், "கொஞ்சம் பொறுங்க" என்று நீட்டப்பட்ட விரலைப் பார்த்தபடி நின்று, நின்று, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனார்கள். நானாவின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர் கையில் சுளகோடு அறை வாசலில் வந்து நிற்பார்.

"இஞ்சாருங்க, ஒரு விஷயம் சொல்லணும்..."

விரல் எழும்பும். மதினி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சுளகையும் விஷயத்தையும் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். இது ஒரு நாள் இரண்டு நாள் கதையல்ல.

தேர்தல் காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வெறும் வளவில் ஒரு வேட்பாளர் கூட்டம் போட்டார். ஒலிபெருக்கிக்கு இழுத்த வயர் நானாவின் கம்பிக்கு நேர் கீழே போனது. நானாவின் பெட்டி பழைய காலத்து ஜாதி. பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி கண்ணில் பட்டால் விடாது, அதற்குள்ளும் புகுந்து பேசும். வேட்பாளர், தான் வென்றால் மாத்தளைக்குச் செய்யப்போவதையெல்லாம் அடுக்கிவிட்டு, கைதட்டலுக்காக ஒரு விநாடி நிறுத்தினார். ஒலிபெருக்கி பேசியது:

"ஒன்னும் வெளங்கல்ல. திருப்பிச் சொல்லுங்க."

வேட்பாளர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வேட்பாளரைப் பார்த்தது. சனங்களின் குரல் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், முதலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். முடித்து மூச்சு வாங்கியதும் ஒலிபெருக்கி, "இன்னமும் வெளங்கல்ல. மெதுவா, வெளக்கமா சொல்லுங்க," என்றது. அன்று கிடைத்த கைதட்டல் அந்த வளவு கண்டிராதது. வேட்பாளர் மேடையை விட்டு இறங்கிப் போனவர்தான். வாக்குக் கேட்கக்கூட அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

ஒலிபெருக்கிக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நானாவின் அறைக்கு வந்துவிட்டான். நானா அசரவில்லை. "ஒங்கட பெட்டி கண்டதையும் கேக்குது தம்பி. அத முதல்ல ஒழுங்காக்குங்க," என்று அனுப்பிவிட்டு, என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "மாஸ்டர், ரெண்டு வாரமா கூப்பிடுறேன். ஒலகத்துல ஒருத்தனும் பதில் சொல்றான் இல்ல."

முதலில் சூரியனில் புள்ளி விழுந்திருக்கிறது என்றார். பிறகு மலை மறிக்கிறது என்றார். கடைசியில் எங்கள் பலாக்காய்களின் மீது சந்தேகம் கொண்டார். காய் முற்ற முற்ற அலையை இழுக்கிறதாம். அவருடைய நிம்மதிக்காக, முற்றுவதற்கு முன்பே இரண்டு பிஞ்சை வெட்டிக் கறி சமைத்தோம். அப்போதும் உலகம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வில்கமுவையிலிருந்து ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். சிங்களவர், வயல்காரர், அவரும் வானொலிப் பைத்தியம். அங்கிருந்து பஸ் கிடைப்பது லேசல்ல. பாதித் தூரம் டிராக்டரில் வந்திருந்தார். நானா அவரைக் கட்டிப்பிடித்து, உட்காரவைத்து, சோறு போட்டு, சூரியப் புள்ளியிலிருந்து பலாக்காய் வரை சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். வந்தவர் வாயைத் திறந்தபோதெல்லாம் விரல் எழும்பியது. சாப்பிட்டுக் கைகழுவிய மனிதர் நேரே அறைக்குள் போய், சுவரில் மேலே நின்ற ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். கேட்கிற பெட்டி கரகரவென்று உயிர் பெற்றது. மலேசியாவிலிருந்து ஒரு குரல், "அலுவிகாரை நண்பரே, நலமா? பல நாளாக அழைக்கிறேன்," என்றது.

இத்தனை நாளும் வில்கமுவைக்காரரும் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பேசி முடித்து நானா ஹேண்டிலை இறக்கினால்தானே கேட்பதற்கு? சொல்ல வேறு வழியில்லாமல் நேரில் வந்திருக்கிறார். இழுத்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இதையெல்லாம் மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது மலேசியாவை அல்ல. ஹேண்டில் இறங்கியதும் தன் வீட்டுக்காரர் கப்பென்று வாயை மூடியதைத்தான்.

மறுநாள் மதினி அறைக்குள் போய் ஹேண்டிலை இழுத்தார். "அரிசி முடிஞ்சி," என்றார். நானா ஒன்றும் பேசவில்லை, சட்டம் அப்படி. மதினி மேலும் நாலு விஷயம் சொல்லிவிட்டு, ஹேண்டிலைத் திருப்பித் தள்ளிவிட்டுப் போனார். இப்படி ஒரு வாரம் ஓடியது. எங்கள் வீட்டிலும் அந்த மாதிரி ஒன்று பூட்டித் தரச் சொல்லி என் மனைவி நச்சரிக்கத் தொடங்கினாள்.

பொறுக்க முடியாமல் நானா ஹேண்டிலுக்கு ஓர் ஆமைப் பூட்டைப் போட்டார். மேலே தள்ளி, பூட்டி, சாவியைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார். மதினி வந்தார். இழுத்தார். அசையவில்லை. பூட்டைத் தடவிப் பார்த்தார். உடுப்பு ரெண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பல்லேபொலையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நானா முதல் நாள் பேக்கரிப் பாண் சாப்பிட்டார். இரண்டாம் நாளும் பாண். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஃபோன எடுக்கிறா இல்ல. பல்லேபொலை ராத்தா எடுத்து, 'அவ ஒங்களோட பேச மாட்டாளாம்'னு சொல்றாங்க. பேச மாட்டாளாம் மாஸ்டர்! இந்தா, வில்கமுவைக்காரன்கிட்ட கேட்டேன், மலேசியாக்காரன்கிட்ட கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்: போய்க் கூட்டிட்டு வான்னு."

"பதில் கேட்டுச்சா?"

"பூட்டக் கழட்டிட்டேன்," என்றார் நானா, தலையைக் குனிந்துகொண்டு.

த்ரீவீலரில் புறப்பட்டோம். நானாவின் மடியில் சுவரிலிருந்து கழற்றிய ஹேண்டில். வழி முழுக்க டிரைவருக்கு அன்டனா பற்றி விளக்கினார். டிரைவர் இரண்டு இடத்தில் வழியைத் தவறவிட்டான். பல்லேபொலையில், அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"நானா, மதினி திரும்பி வரணுமா வேண்டாமா?"

"வரணும் மாஸ்டர். அவ இல்லாத ஊட்டுல நான் ஆரோட பேசுவேன்?"

"அப்ப உள்ள போனா வாயத் தொறக்காதீங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. ஹேண்டிலை மதினிக்கு முன்னால் மேசையில் வைத்து, கீழ்ப்பக்கம் இழுத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தார். மதினி அதைப் பார்த்தார், சிரிப்பை அடக்கினார். பிறகு தொடங்கினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கதிரையில் இருந்துகொண்டு இவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததில் தொடங்கி, ஆமைப் பூட்டு வரை வந்தார். நானாவின் உதடுகள் துடித்தன. அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் மதினியின் குரல் இறங்கியது.

"எனக்குக் கண்ணு தெரியுதில்ல. மிளகுல கல்லு பொறுக்க ஏலாம ஈக்கி. எல்லாம் பொகையாத் தெரியுது. எத்தன நாளா வந்து வந்து நின்டேன், இதச் சொல்லத்தானே? நீங்க வெரல நீட்டினா அந்த வெரலே ரெண்டாத் தெரிஞ்சிச்சி எனக்கு."

நான் நானாவைப் பார்த்தேன். இப்போது அவர் வாயை அடக்கிக்கொண்டிருக்கவில்லை. சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. எழுந்து போய் மதினியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கண்ணில் வெண்படலம் என்றார் டாக்டர். ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அதுவரை நானா ரேடியோ அறைப் பக்கமே போகவில்லை. மிளகில் கல் பொறுக்கினார், அரிசி கொண்டுவந்து போட்டார், மதினி சொன்னதையெல்லாம் கேட்டார். கடைக்கு வந்தவர்கள் கேட்ட உடனே கராம்பு கிடைத்துத் திகைத்துப் போனார்கள். "நானாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று என்னிடம் விசாரித்தவர்களும் உண்டு.

ஒப்பரேஷன் முடிந்த அன்று பின்னேரம் நான் வார்டுக்குப் போனேன். மதினியின் ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண் ஏற்கனவே புகை மூட்டம். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நானா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார். மதினி கையை நீட்டிக் காற்றில் துழாவினார்.

"ஏன் பேசாம ஈக்கிறீங்க?"

"நீங்க பேசுங்க புள்ள. நான் கேக்குறேன்."

"நான் பேசினது போதும். இப்பிடி ஊமையா இருந்தா, நீங்க பக்கத்துல ஈக்கிறீங்களா போயிட்டீங்களான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிளகு விலையில் தொடங்கினார். அங்கிருந்து சூரியனுக்குப் போனார். சூரியனிலிருந்து எங்கள் பலாமரத்துக்கு வந்தார். சத்தம் கேட்டு அதட்டுவதற்காக வந்த நேர்ஸ், மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அலுவிகாரைக்குப் போகிற பஸ்ஸுக்கு எனக்கு நேரமாகிவிட்டதுதான். இருந்தாலும் எழுந்து போக மனம் வரவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்து கேட்டேன்.