கிற்றாருக்குக் கழுத்து வைத்த சிலாகையர்

இலங்கைத் தீவில் இதுவரை நடந்த தச்சுவேலைகளில் மிகப் பெரியது எதுவென்று என்னைக் கேட்டால், கோயில் தேர்களையும் பாய்க்கப்பல்களையும் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, உருத்திரபுரத்துச் சிலாகையர் செய்த பேஸ் கிற்றார்க் கழுத்து என்றுதான் சொல்வேன். வாதாட விரும்புகிறவர்கள் வாதாடலாம். அந்தக் கிற்றாரை வாசித்தவன் நான்.

சிலாகையர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் லொறியில் சட்டி பானை, கோழி, பிள்ளைகள் என்று ஏற்றி வந்தார்கள். இவர் லொறி முட்டப் பனஞ்சிலாகை ஏற்றி வந்தார். கூரைக்குப் போடும் அந்தப் பனைமரச் சட்டங்களின் மேல் அவருடைய மனைவி உலக்கையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தாராம். அதுவும் எங்கே? முதிரை மரமும் பாலை மரமும் கேட்பாரற்று வளர்ந்து நிற்கிற வன்னிக் காட்டுக்கு!

“காட்டு மரத்தைக் கறையான் தின்னும் தம்பி. பனை கறையானைத் தின்னும்” என்பார். வீட்டில் கட்டில் பனை, வாங்கு பனை, சைக்கிளின் பின்கரியர்கூடப் பனை. அந்தக் கரியரில் ஏறிச் சந்தைக்குப் போனவர்கள் திரும்பும்போது ஆஸ்பத்திரியில் இறங்கிச் சிராம்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் கிளாக். கூட வேலை செய்த பொடியன்களோடு சேர்ந்து பைலா என்கிற ஆட்டப்பாட்டுக்கு ஒரு கோஷ்டி தொடங்கியிருந்தோம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மாதா கோயில் பெருநாளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அதே மேடையில் யாழ்ப்பாண நகரத்து ‘ரவுண்’ கோஷ்டி ஒன்றும் ஏற இருந்தது. “கிளிநொச்சியில நெல்லு விளையும், பாட்டு விளையுமோ?” என்று அவர்கள் கேட்டதாக எங்கள் காதுக்கு வந்திருந்தது. ஆகவே அது எங்களுக்குப் பாட்டுக் கச்சேரி இல்லை, மானப் பிரச்சினை.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் கூரையில் கட்டியிருந்த என் பேஸ் கிற்றாருக்கு மேல் பரந்தன் சந்தியில் யாரோ ஒரு கமக்காரர் கலப்பையைத் தூக்கிப் போட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்து நடுவில் முறிந்துவிட்டது. பெருநாளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆள் வைத்துக் கரைவலை இழுப்பிக்கிற சம்மாட்டியார்; அவரிடம் ஓடினேன்.

“அடியில தும் தும் எண்டு இடிக்காட்டி எங்கட பொடியள் ஆடமாட்டாங்கள். பேஸ் இல்லாட்டி நீங்கள் வரவேண்டாம், ரவுண்காரரே முழுக்க அடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முறிந்த கழுத்தோடு சிலாகையர் வீட்டுக்குப் போனேன். அவர் அதை மோந்து பார்த்தார். உள்ளே நீளத்துக்கு ஓடிய இரும்புக் கம்பியை உருவி எடுத்தார்.

“இது என்னத்துக்கு?”

“கிற்றார்க் கம்பியள் இழுக்கேக்க கழுத்து வளையாமல் பிடிக்கிறதுக்கு அண்ணை.”

“மரத்தில நம்பிக்கை இல்லாதவன் செய்த வேலை” என்று அதை முற்றத்தில் எறிந்தார். “பனையில செய்து தாறன். நீர் போய்ப் பாட்டைப் பாடமாக்கும்.”

யாழ்ப்பாணத்து மனிதரைத் தவிர வேறு யாருக்கும் பனையில் கிற்றார் செய்யத் தோன்றியிராது. செய்தும் முடித்தார். கறுப்பும் மண்ணிறமுமாக வரி ஓடிய அந்தக் கழுத்து பார்க்க அவ்வளவு அழகு. உடம்பில் வைத்து ஆணி முடுக்கி, நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினேன். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்தா. அவ கோப்பையை நீட்டவும் ‘பறார்’ என்று ஒரு சத்தம். பனை, நார் நாராக, கூட்டுகிற தும்புக்கட்டையைப் போல விரிந்து நின்றது.

சிலாகையர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவருடைய வாழ்க்கையில் பனை அவரைக் கைவிட்டது அதுவே முதல் தடவை. நான் ரவுண் கோஷ்டியின் கை ஓங்கிவிட்டதென்றே முடிவு செய்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் வீட்டுக்குக் கதவு இல்லை! சிலாகையர் கதவு நிலையின் ஒரு காலைக் கழற்றி வாங்கில் போட்டு வாளால் நீளத்துக்கு அரிந்துகொண்டிருந்தார். குடியேற்றக்காரருக்கு வீட்டோடு சேர்த்துக் கொடுத்த முதிரை நிலை அது. இத்தனை வருசமும் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர்.

“பச்சை மரம் காயக் காயத் திரும்பும் தம்பி. இது வருசக்கணக்காக் காய்ஞ்சு அலுத்துப்போன மரம். இனித் திரும்பாது.”

“கள்ளன் வந்தால் என்ன செய்யிறது?” என்றா அக்கா குசினிக்குள்ளிருந்து.

“என்னத்தை எடுப்பான்? சிலாகைதானே கிடக்கு!”

இரண்டாக அரிந்த முதிரையில் ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தார். “இது வலப்பக்கம் வளைய நினைச்சால் மற்றது இடப்பக்கம் இழுக்கும். புருசன் பெண்சாதி மாதிரி. ரெண்டும் பிடிவாதம் பிடிச்சால்தான் குடும்பம் நேராய் நிக்கும்.” பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெல்லிய பனஞ்சட்டம் ஒன்றை எடுத்து இரண்டு பாதிக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தார். எறிந்த இரும்புக் கம்பியின் வேலை இனி அதற்கு. தனியாக நின்றால் நாராகப் பிரிகிற பனை, இரண்டு பக்கமும் முதிரை நெருக்கினால் எங்கே பிரியும்?

புட்டுப் பானையில் வச்சிரப் பசை கொதித்தது. தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த அந்தப் பசையின் நாற்றத்துக்கு அயலட்டை முழுவதும் மூக்கைப் பொத்தியது. பசை பூசிய மூன்று துண்டையும் வண்டில் கயிற்றால் வரிந்து, கயிற்றுக்குள் ஆப்பு ஆப்பாக அடித்து இறுக்கினார். அது காய்ந்தபின் கழுத்தின் முதுகை உளியால் உருட்டி, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டிச் சுரண்டி மழமழப்பாக்கினார்.

விரல் வைக்கிற மேற்பலகைக்குக் கருங்காலி வேண்டும் என்றேன். சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்று குசினியில் எழுந்த கூக்குரலில்தான் விளங்கியது. அக்காவின் சீதன உலக்கை கருங்காலி!

“இஞ்சேருங்கோ, அதைத் தொட்டால் நான் அம்மா வீட்டை போறன்!”

“பாதிதானப்பா எடுக்கிறன்!”

“அப்ப மற்றப் பாதியை இஞ்ச தாங்கோ. உங்களுக்கு அடிக்க ஒண்டு வேணும்.”

உலக்கையை நடுவால் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கழுத்தில் ஒட்டி, உருண்ட பக்கத்தை இழைத்துத் தாழ்த்தினார். பழைய பலகையில் சுரத்துக்குச் சுரம் குறுக்கே பதித்திருந்த உலோகக் கட்டைகளைக் குறட்டால் பிடுங்கி, அதே இடைவெளியில் அரிந்து இறக்கினார். கம்பி ஏற்றினேன். தேத்தண்ணி வந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தோம். சத்தமே இல்லை. ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்த சிலாகையர், “ஒரு மயிரளவு வளைஞ்சிருக்கு. அவ்வளவு வளையத்தான் வேணும், இல்லாட்டிக் கம்பி கட்டையில இரையும்” என்றார். ஆடாமல் அசையாமல் நின்றது கழுத்து.

பெருநாள் மாலை ரவுண் கோஷ்டி முதலில் ஏறியது. நல்லாகத்தான் வாசித்தார்கள். பிறகு நாங்கள். நான் முதல் கம்பியைத் தட்டியதுமே மேடைப் பலகை அதிர்ந்தது, முன்வரிசைக் கதிரைகள் அதிர்ந்தன. சம்மாட்டியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட எழும்பினார். கரை முழுவதும் அவருக்குப் பின்னால் எழும்பியது. “இன்னொண்டு! இன்னொண்டு!” என்று எங்களை இறங்கவே விடவில்லை. பாடிய பாட்டையே திரும்பப் பாடினோம். சிலாகையர் மட்டும் ஆடாமல் மேடைக்குக் கீழே நின்று, குழந்தைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் இறங்கியதும் ரவுண் கோஷ்டியின் பேஸ்காரர் தேடி வந்தார். நெடிய மனிதர்.

“எந்தக் கப்பலில வந்தது இது?”

“உருத்திரபுரத்துக் கதவில வந்தது” என்றார் சிலாகையர்.

அவர் வாங்கி வாசித்துப் பார்த்தார். “சத்தம் திறம். ஆனால் கழுத்து மெத்த ஒல்லி. என்ர கைக்குள்ள நிக்குதில்லை.”

அடி விழப்போகிறது என்று நான் பயந்தேன். சிலாகையரோ அமைதியாகச் சொன்னார்: “உம்மட கைக்குச் செய்யேல்லை. இவன் தம்பிக்கு விரல் கட்டை. தேத்தண்ணிக் கோப்பையையே ரெண்டு கையாலயும்தான் பிடிப்பான். நான் பார்த்துக்கொண்டிருந்தனான். அந்த அளவுக்குச் சீவினது.”

அன்றைக்குத்தான் வாசித்து முடித்தும் எனக்குக் கை நோகவில்லை. அது ஏனென்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் நான் கடைசிப் பிள்ளை, அண்ணன்மாரின் அளவுச் சட்டைகளிலேயே வளர்ந்தவன். என் அளவுக்கென்று முதன்முதலில் ஒரு பொருளைச் செய்து தந்தவர் அவர்தான். அந்தச் சனக்கூட்டத்துக்கு நடுவில் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன் அண்ணை, உங்களில் எனக்குச் சரியான விருப்பம்.