மிட்டாய்த் தேர் செய்தது யார்

மஞ்சக்குப்பம், கடலூர்
சித்திரை 29

மதிப்பிற்குரிய சம்பந்தி சிதம்பரம் சின்னையன் அவர்களுக்கு, கடலூர் உத்திராபதி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு எனக்கும் என் மனைவி பட்டம்மாளுக்கும் ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. அங்கு தங்கள் முழங்கால் வலியும், சம்பந்தியம்மா கொளஞ்சியம்மாளின் தலைசுற்றலும், மாப்பிள்ளை கார்த்திகேசனின் சளியும் நடராஜர் புண்ணியத்தில் தீர்ந்திருக்கும் என நம்புகிறேன். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ஃபோனை எடுத்தால் நாலாவது வார்த்தைக்குள் அது பட்டம்மாள் கைக்குப் போய்விடுகிறது. இந்தக் கடிதத்தைத் தாங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டாம். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய்ப் படிக்கவும்.

விஷயம் இதுதான். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் ஹாலில், டீப்பாய் மேல் ஒரு சாக்லேட் தேர் நின்றதே, அதைச் செய்தது என் மகள் காயத்ரி இல்லை. நான்.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் கரும்பு வண்டிகளை எடை போட்டவன் நான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு பகல் பொழுது போகவே மாட்டேன் என்றது. ஒரு நாள் செல்ஃபோனில் ஒரு அம்மா, வீட்டிலேயே சாக்லேட்டை அடுக்கிப் பூங்கொத்து செய்வது எப்படி என்று காட்டினார். செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. அடுத்து கலர் மிட்டாயில் மயில். அப்புறம்தான் தேர். அடித்தட்டு கடலை மிட்டாய், சக்கரம் கிரீம் பிஸ்கட், தூண் சாக்லேட் குச்சி, குடை தேன்மிட்டாய், உச்சியில் ஜிகினா சுற்றிய பால்கோவா கலசம். வருகிறவர்கள் சிதம்பரத்தார் ஆயிற்றே என்று ஜவ்வு மிட்டாயை முறுக்கி வடம்கூடப் பின்னி வைத்தேன்.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "இது யாரு செஞ்சது?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள், "எல்லாம் எங்க காயத்ரிதாங்க. சும்மாவே உக்கார மாட்டா" என்று சொல்லிவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பெண் பார்க்க வரும் அன்று ஹாலில் அழகாக எது இருந்தாலும் அது பெண் செய்தது என்பது நம் பக்கத்து வழக்கம். நான் பெண் பார்க்கப் போனபோது பட்டம்மாள் கோத்ததாகக் காட்டிய பாசிமணிக் கிளி, அவள் பெரியம்மா மகள் கோத்தது என்று எனக்குத் தெரியவே பதினோரு வருடம் ஆனது. தவிரவும், அறுபது வயசுக்காரன் உட்கார்ந்து மிட்டாய்க்கு ஜிகினா சுற்றுகிறான் என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது. சிரித்துவைத்தேன்.

அது அதோடு போயிருக்கும். மறுநாள் சம்பந்தியம்மா ஃபோனில், "நிச்சயத்துக்கு நீங்க வெக்கிற இருபத்தொரு தட்டும் பொண்ணு கையாலயே செஞ்சிடட்டும்" என்றார்கள். போன வாரம் அடுத்த ஃபோன். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை நானும் எங்க நாத்தனாருங்க ரெண்டு பேரும் வரோம். பக்கத்துல உக்காந்து கத்துக்கறோம்." பட்டம்மாள் "வாங்க வாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே வாரத்தில் மகளுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காயத்ரி புவனகிரிப் பக்கம் மாட்டு டாக்டராக இருப்பது தாங்கள் அறிந்ததே. வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கைவிட்டுத் திருப்பி எடுத்துவிடுவாள், ஆனால் முதல் நாள் ஒரு ரிப்பன் கட்டச் சொன்னேன், மாட்டுக்குத் தையல் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டாள், அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம், இரண்டாம் நாள் மயில் செய்தோம், அக்னி நட்சத்திர வெயிலில் கழுத்து சாயத் தொடங்கியது, ஃபேன் போட்டால் ஜிகினா பறக்கிறது, நிறுத்தினால் மயில் படுக்கிறது, சரி ஃப்ரிட்ஜில் வை என்றேன், பட்டம்மாள் அதை நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், மறுநாள் எடுத்துப் பார்த்தால் மயில்மேல் துறைமுக வாசனை, மூன்றாம் நாள் எறும்பு வந்தது, தட்டைச் சுற்றி மஞ்சள் தூளில் கோடு போட்டேன், எறும்பு சுவர் வழியாக ஏறி மின்விசிறிக் கம்பியில் இறங்கி வந்தது, நாலாம் நாள் லட்டுக் கோபுரம் பாதி எழும்பியபோது சேத்தியாத்தோப்பிலிருந்து ஃபோன், பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று, பாகு ஒட்டிய கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள், ஐந்தாம் நாள் தேர் செய்தாள், நாலு சக்கரமும் நாலு திசையைப் பார்த்து நிற்கிறது, தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, "ஏம்மா, இது எழுந்து நிக்குமா?" என்றேன். "படுத்த மாட்டுக்குப் போடற மாதிரி ஒரு கால்சியம் ஊசி போட்டா நின்னுடும்பா" என்றாள்.

சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கு முன்னால் இவள் அந்த முடிச்சைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மிட்டாய் விஷயத்திலேயே பொய் சொன்னவர்கள் பெண்ணைப் பற்றி இன்னும் என்னென்ன மறைத்தார்களோ என்று தங்கள் வீட்டில் நினைக்கத்தான் செய்வார்கள். மாப்பிள்ளை ஃபோன் வந்தால் காயத்ரி எவர்சில்வர் டம்ளரில் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் எடுக்கிறாள். ஃபோனில் முகம் தெரியாது, வெறும் குரல்தான் என்று நான் சொல்லியும் கேட்பதில்லை. இந்தச் சம்பந்தம் என்னால் கெட்டால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆகவே பொய்க்கு நானே பொறுப்பு, பெண் மேல் ஒரு குறையும் இல்லை. தாங்கள் எப்படியாவது பேசி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்தவும். இருபத்தொரு தட்டையும் புதுச்சேரியில் சொல்லிச் செய்து வாங்கிவிடுகிறேன். என் கை இனிமேல் மிட்டாயைத் தொடாது. இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு என் ஆசியும். தங்கள் குடும்பம் கொல்லை முருங்கைபோல் காய்த்துக் குலுங்கட்டும்.

என்றும் தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
உத்திராபதி

பி.கு.: உறை ஒட்டக் கோந்து தேடிப் போனேன். திரும்பி வருவதற்குள் காயத்ரி இதை முழுக்கப் படித்துவிட்டாள். "அன்னிக்கு உள்ள உக்காந்து பேசினப்பவே அத்தைகிட்ட சொல்லிட்டேம்பா, தேரு எங்கப்பா செஞ்சதுன்னு. உங்க வாயால சொல்றீங்களான்னு பாக்கத்தான் அவுங்க இத்தனை ஃபோன் பண்ணாங்க. ஞாயித்துக்கெழமை வர்றதே உங்ககிட்ட கத்துக்கத்தான்" என்கிறாள். அப்புறம் ஏன் அஞ்சு நாளாக வாயைத் திறக்காமல் என்னிடம் திட்டு வாங்கினாய் என்று கேட்டேன். "பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருந்தீங்களேப்பா. இன்னும் எத்தினி நாளைக்குக் கெடைக்கும்?" என்றாள். கோந்து பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

எனவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. சத்தியமும் சேர்த்து. மூவரும் அவசியம் வரவும், நாத்தனார்களை ஏப்ரன் கொண்டுவரச் சொல்லவும். நிச்சயத்துக்கு இருபது தட்டு என் கையால். இருபத்தொன்றாவது காயத்ரி செய்வது. எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது, பார்த்தாலே தெரியும். அதைத்தான் மாப்பிள்ளைக்கு நேராக வைக்கப்போகிறேன்.