எஜமான் அளவில் ஒரு எவியே

மனிதகுலம் இரண்டு முறை நிமிர்ந்து நின்றிருக்கிறது. முதல் முறை, குரங்காக இருப்பதை விட்டபோது. இரண்டாம் முறை, 1955-ம் ஆண்டு, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், என் வீட்டுச் சமையலறையில். முதல் சம்பவத்துக்குச் சாட்சி இல்லை. இரண்டாவதற்கு என் ஆபீஸே சாட்சி.

என் மனைவி குஞ்சம்மாளுக்கு இடுப்புவலி. கிணற்றடியில் குந்திப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வந்ததாம்; பத்து வருஷமாக இருக்கிறதாம். அவள் சொல்வதுதான். நான் பார்த்ததில்லை.

“ஏங்க, குந்துனா எழுந்திரிக்க முடியல. உயிரே போவுது.”

“வாய்வா இருக்கும். சுக்கு தட்டிப் போட்டுக் குடி, சரியாப் போயிடும்.”

பத்து வருஷமும் சளைக்காமல் இந்த வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறேன். எந்தப் புருஷன் சொல்வான்?

பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் எங்கள் ஆபீஸ் துரை கப்பலுக்கு மூட்டை கட்டினார். போகும்போது தம் வீட்டுச் சமையலறைத் தொட்டியை எனக்கு அளித்தார். வெள்ளைப் பீங்கான். உள்ளே ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம். பிரெஞ்சில் அதற்குப் பெயர் ‘எவியே’. அதில் அவருடைய நாயைக் குளிப்பாட்டினார்கள் என்பது பொறாமைக்காரர்கள் கிளப்பிய பேச்சு. குளிப்பாட்டியது உண்மைதான், ஆனால் அது பிரெஞ்சு நாய்.

“இதுல நின்னுகிட்டே தேய்க்கலாம்” என்றேன்.

“நெசமாவா? குந்தவே வேணாமா?” குஞ்சம்மாள் மூன்று தரம் கேட்டாள். பாவம், கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சும்மா செய்துவிட முடியுமா? ‘எவியே ஸ்தாபன ஆலோசனைக் குழு’ என் வீட்டிலேயே கூடியது. தலைவர், எங்கள் ஹெட் கிளார்க் ஜானகிராமன். காரியதரிசி, நான். நிபுணர், தச்சர் ஆதிமூலம். மூன்று கூட்டம், மூன்றுக்கும் வடை, குஞ்சம்மாள் உபயம். தொட்டியின் முகப்பு, அதைத் தாங்கும் மர அலமாரிக்கு வெளியே தெரிய வேண்டுமா, உள்ளே மறைய வேண்டுமா என்பதற்கே ஒரு கூட்டம் போயிற்று. “கப்பலேறிப் போன துரை முகத்த மூடுறது மரியாத இல்ல” என்று தலைவர் தீர்ப்பளித்தார். வெளியே தெரிய விட்டோம்.

குஞ்சம்மாள் வடைத் தட்டோடு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“குழு நடக்குதில்ல? ‘இதர விஷயங்கள்’ வர்றப்ப சொல்லு” என்றேன். இதர விஷயங்கள் வருவதற்குள் வடை தீர்ந்து கூட்டம் கலைந்துவிட்டது.

உயரம்? ஆதிமூலம் யோசிக்கவே இல்லை. “வாசக்கால் வெச்சாலும் வூட்டு எஜமான் அளவுதாங்க. இதுக்கும் அதான். எழுந்து நில்லுங்க.”

நின்றேன். நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. என் முழங்கைக்கு நேராகக் கோடு போட்டார். கனம் தாங்க அடியில் நாலு சட்டம் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இம்மி பிசகாமல் தொட்டியை அலமாரியில் உட்கார வைத்தார். கழிவுநீருக்காகச் சுவரை உடைக்க மனையடி சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அலமாரிக்குள்ளேயே ஒரு வாளி. அதை மறைக்க அழகான கதவு. குழாய்த் தண்ணீர் பற்றி ஆராயத் தனிக் குழு அமைப்பதென்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஆபீஸே வந்தது. ஜானகிராமன் ரிப்பனை வெட்டி, “இன்று முதல் பெண்குலம் குந்தாது!” என்று முழங்கினார். கைதட்டல்.

குஞ்சம்மாள் பாயசச் சட்டியும் தேங்காய் நாருமாக முன்னே வந்தாள். தொட்டியின் விளிம்பு, நாலரை அடிக்காரியான அவள் தோளுக்கு வந்தது. எம்பினாள். சட்டி உள்ளே விழுந்தது. எடுக்கக் கை எட்டவில்லை. ஆபீஸ் முழுக்க விட்டத்தைப் பார்த்தது.

“யாருக்குங்க அளவெடுத்தீங்க?” என்றாள்.

“ஐயாவுக்குத்தாம்மா! அச்சாப் பொருந்தும். வேணும்னா நிக்க வெச்சிப் பாருங்க” என்றார் ஆதிமூலம், பெருமை பொங்க.

போய் நின்றேன். அடேயப்பா, அச்சாகத்தான் பொருந்தியது!

“அப்ப என் கையில எதுக்கு நாரு?” குஞ்சம்மாள் அதை என் கையில் திணித்தாள். “யாருக்கு அளவோ அவுங்களே தேய்க்கட்டும்.”

“வழிமொழிகிறேன்” என்றார் ஜானகிராமன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாயசம் குடித்த முப்பது டம்ளர்களும் என் முன்னால் வரிசையாக வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து எவியே என் இலாகா. கிணற்றில் இறைத்து, தூக்கி வந்து, ஊற்றி, தேய்த்து, கதவைத் திறந்து, குனிந்து, நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓட வேண்டும். ஒரு வேளைப் பாத்திரத்துக்குப் பதினோரு வாளி. நிமிர்ந்து நிற்பதற்காக இத்தனை தரம் குனிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நாகரிகம் என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள், வாளியை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். ஐயோ, அந்த வலியை என்னவென்று சொல்வேன்! டாக்டர் வீட்டுக்கே வந்தார். தைலம், ஒத்தடம், பத்து நாள் ஓய்வு. குழு திரண்டு வந்து அனுதாபத் தீர்மானம் வாசித்தது. ‘இடுப்புவலி மனிதனுக்கு வரக்கூடாத கொடிய வியாதி’ என்று அதில் கண்டிருந்தது. வாசகம் என்னுடையது.

அவர்கள் போன பிறகு, குஞ்சம்மாள் கிணற்றடியில் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கையில் ஒரு டம்ளரோடு உள்ளே வந்தாள்.

“உயிரே போவுது, குஞ்சம்மா” என்றேன்.

“வாய்வா இருக்கும்” என்றாள். “சுக்கு தட்டிப் போட்டிருக்கேன். குடிங்க, சரியாப் போயிடும்.”