இன்றைக்கு யார் ஜெயிக்கணும்?

முக்கியமான போட்டியில் யார் ஜெயிக்க வேண்டும் என்பது நடுவர் ஹார்லன் டீட்ஸுக்கு மறந்துபோய்விட்டது.

மறந்துபோய்விட்டது என்றுகூடச் சொல்லக் கூடாது. காதில் வாங்கியிருந்தால்தானே மறப்பதற்கு? மத்தியானம் பால்டிமோர் துறைமுகத்து நண்டுக் கடையில் முதலாளி ஸ்ட்ரிக்லாண்ட் எதிரே உட்கார்ந்து ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். மேஜை முழுக்கச் செய்தித்தாள், அதன்மேல் மசாலா அப்பி அவித்த நண்டுக் குவியல். கடையிலிருந்த அத்தனை பேரும் மரச்சுத்தியால் ஓடுகளைப் படார் படார் என்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லனும் ஒரு கொடுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி பேச்சை நிறுத்திய இடத்திலெல்லாம் தலையை மட்டும் பலமாக ஆட்டி வைத்தான். ஒருவழியாகச் சதை வெளியே வந்து, அவன் நிமிர்ந்து பார்த்தபோது முதலாளி போய்விட்டிருந்தார்.

இந்த மல்யுத்தத் தொழிலில் விழுகிற அடி நிஜம், முடிவு மட்டும் முன்கூட்டியே பேசி வைத்தது. முடிவைச் சொல்கிறவர் முதலாளி. ஆனால் மல்யுத்தக்காரர்களிடம் அவர் நேரில் சொல்வதில்லை; சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பெரிய நிகழ்ச்சியன்று மத்தியானச் சாப்பாட்டில் நடுவரிடம் சொல்வார். நடுவர் போய் அவரவர் காதில் ஓதுவார். முதலாளி ஒரு தடவைதான் சொல்வார். "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்ட பழைய நடுவர் அன்றைக்கே மூட்டை கட்டினார்.

ஹார்லனுக்கும் வேலை போனால் போக்கிடம் ஒன்று இருந்தது: மச்சான் வெர்னனின் டயர் கடை. கல்யாணமான நாளிலிருந்து வெர்னன், அவன் எப்படா கடைக்கு வருவான் என்று காத்திருந்தான். 'இந்த மீசைக்காரன்கிட்ட கைகட்டி நிக்கிறதைவிடத் துறைமுகத்துல குதிக்கலாம்' என்று ஹார்லன் முடிவே கட்டியிருந்தான்.

அரங்கில் ஆரம்பப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. நாடு முழுக்க வீடுகளில் ஜனங்கள் தனியாகப் பணம் கட்டி நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் போட்டி, சாம்பியன் 'இடிமுழக்கம்' பக் டாலிவருக்கும் 'சவப்பெட்டி' ரூஃபஸ் கோலுக்கும்.

'பக்கிட்டயே போட்டு வாங்கிடுவோம்' என்று ஹார்லன் முதலில் சாம்பியன் அறைக்குப் போனான். பக் தன் சாம்பியன் பெல்ட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பக், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பக்கின் கை நின்றது. "என்னண்ணே, எப்பவும் வந்ததும் விஷயத்தைச் சொல்வீங்க. இன்னிக்கு வீட்டைப் பத்தி விசாரிக்கிறீங்க?"

"சும்மாதான். மனசு எப்படி இருக்கு?"

"மனசா?" பக் பெல்ட்டை மடியில் வைத்தான். "புரிஞ்சிடுச்சு. நான் தோக்கணும், அதானே?"

ஹார்லனுக்கு உயிரே வந்தது. "அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறீங்களே!"

வந்த உயிர் போய்விட்டது. "இல்லப்பா, நான் அப்படிச் சொல்லலை..."

"விடுங்கண்ணே. முதலாளி முடிவு. தோக்குறதுதான் தோக்குறேன், நாலு பேர் மெச்சுற மாதிரி தோக்குறேன்." அந்த ஆறரை அடி ஆள் பெல்ட்டைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டான்.

சரி, ஒருவேளை பக் தோற்பதுதான் முடிவோ என்னவோ. அப்படியானால் ரூஃபஸுக்குக் காற்றுவாக்கிலாவது சேதி வந்திருக்கும். ஹார்லன் எதிர் அறைக்கு ஓடினான். நடைவழியில் மேவிஸ் மறித்தாள். ஆட்டக்காரர்களுக்கு உடுப்பு தைப்பவள், முதலாளி பெண்டாட்டியின் தங்கை. மத்தியானம் நண்டுக் கடையிலும் அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து எதற்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்லன் கண்ணு, ஒரு நிமிஷம் நில்லு. ஒண்ணு கேக்கணும்."

இவளிடம் வாயைத் திறந்தால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. "அப்புறம் மேவிஸ், அப்புறம்!" என்று அவன் நழுவினான்.

ரூஃபஸ் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

"ரூஃபஸ், உனக்குச் சேதி ஏதாவது வந்துச்சா?"

"சேதி கொண்டாற ஆளே நீதான்யா. என்கிட்ட வந்து கேக்குறே?"

"இல்ல... வேற யாராவது..."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்." ரூஃபஸ் கண்ணாடியில் அவனை உற்றுப் பார்த்தான். பாதி வெளுத்த முகம் தொங்கிப்போயிற்று. "ஓகோ. சொல்ல நாக்கு வரலையா? நான் தோக்கணுமா?"

"ஐயோ, நீ தோக்கலைப்பா! தோக்குறது பக்குன்னுதான் நினைக்கிறேன்!"

"நினைக்கிறியா? முடிவைக் கையில வச்சுக்கிட்டு நினைக்கிறேன்றான் பாரு! ஆறுதல் சொல்றியாக்கும்." ரூஃபஸ் மூக்கை உறிஞ்சினான். "என் மாமனார் முன்வரிசையில உக்காந்திருக்காருய்யா. 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'ன்னு பதினோரு வருஷமாக் கேக்குறவரு. சரி, போ. தோத்துத் தொலைக்கிறேன்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. ஒரே போட்டியில் தோற்பதற்கு இரண்டு பேர் தயார், ஜெயிக்க ஆளில்லை. ஒருவனையாவது திருப்பிவிடலாம் என்று ஹார்லன் மறுபடி பக்கிடம் ஓடினான்.

"பக், ஒரு பேச்சுக்கு, நீ ஜெயிக்கிறேன்னு வச்சுக்குவோம்..."

"அண்ணே." பக் அவன் தோளில் கை வைத்தான். "நான் என்ன பச்சைக் குழந்தையா? உங்க நல்ல மனசுக்கு ரொம்ப நன்றி. போங்க."

வெளியே வந்தால் நடைவழிக் கோடியில் மேவிஸ். "ஏ கண்ணு! ஓடாதே!" ஹார்லன் வேறு வழியில்லாமல் நேரத்துக்கு முன்பே மேடைக்குப் பாய்ந்துவிட்டான்.

மணி அடித்தது. பக் லேசாக ஒரு குத்து விட்டான். ரூஃபஸ் மரம் சாய்ந்த மாதிரி விழுந்தான். அவன் தோளிரண்டும் தரையில் பதியும்படி பக் மேலே படுத்து, நடுவர் மூன்று எண்ணிவிட்டால் கதை முடிந்தது; ஆனால் பக் தலையைப் பிடித்துக்கொண்டு, அடித்த தனக்கே வலித்த மாதிரி, பக்கத்தில் பொத்தென்று விழுந்தான்.

"எந்திரிடா, என் மேல படு!" என்றான் ரூஃபஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ படுடா! தோக்குறது நான்!"

"யாரு சொன்னா? நான்டா தோக்குறது!"

ரூஃபஸ் அவனைப் பிடித்து இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். பக் ஒரே புரட்டாகப் புரட்டி அவனை மேலே ஏற்றினான். ஹார்லன் தரையில் அறைந்து "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குள் மேலே இருக்கிறவன் வழுக்கிக் கீழே போய்விட்டான். உருண்டார்கள், புரண்டார்கள். நடிப்பென்பது துளியும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்க வைக்க அந்த இரண்டு மலைகளும் மூச்சு முட்டப் போராடின.

கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்படி ஒரு வெறியை அவர்கள் பார்த்ததே இல்லை. ரூஃபஸின் மாமனார் நாற்காலிமேல் ஏறி நின்று, "விடாதே மாப்ளே, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ரூஃபஸ் கீழே கிடந்தபடி அழுதான்.

மணிக்காரர் கையால் கழுத்தை அறுத்துக் காட்டினார். ஒளிபரப்பு நேரம் முடியப்போகிறது. ஹார்லனின் கண்முன் டயர் டயராக உருண்டது. அந்தச் சமயம் இரண்டு பேரும் சக்தியெல்லாம் தீர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். நான்கு தோளும் தரையில்.

ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஹார்லன் தரையை அறைந்தான். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

பக் தள்ளாடி எழுந்து ரூஃபஸின் கையைத் தூக்கினான். ரூஃபஸ் பக்கின் கையைத் தூக்கினான். நடுவில் ஹார்லன் யார் கையைத் தூக்குவதென்று தெரியாமல் தன் கையையே தூக்கினான். வீட்டுக்கு வீடு திரை கறுப்பானது.

மேடைக்குப் பின்னால் முதலாளி ஓடிவந்தபோது ஹார்லன் அடி வாங்கத் தயாராகவே நின்றான். அவரோ அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்தையும் கிள்ளினார்.

"கடைசி வரைக்கும் என்னால கண்டுபிடிக்க முடியலையே! எப்படிய்யா உனக்கு இப்படித் தோணிச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டமாகப் போனார்.

'கண்டுபிடிக்க முடியலையா? இவருக்கா?' ஹார்லன் வாயைப் பிளந்து நின்றான். பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது.

"மாட்டினியா!" என்றாள் மேவிஸ், மூச்சு வாங்க. "'நானே முடிவு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, இன்னிக்கு யார் ஜெயிக்கணும்னு நீயே தீர்மானிச்சுக்கோ, எனக்கும் சொல்லாதே'ன்னு மத்தியானம் அத்தான் சொன்னப்போ அப்படித் தலையாட்டினியே கண்ணு, அப்போ மனசுல யாரை நினைச்சிருந்தே?"