இயற்கை எய்தியவரின் கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் என் மகளும் மாப்பிள்ளையும் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அப்படி இல்லையென்றால் பதிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடு. போன தடவை போல மூட்டுவலியைக் கையெழுத்துக்குக் கீழே நுணுக்கி எழுதாதே.

முதலில் காரியம். நான் இங்கே வீடு வாங்கவில்லை. மாதக் கடைசியில் திரும்பி வருகிறேன். என் வீட்டைப் பல் டாக்டருக்கு வாடகைக்கு விடுவதாகப் பேசியிருந்தாய் அல்லவா, அவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. அதற்குள் பீரோவை நகர்த்தியிருந்தார் என்றால் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்.

காரணம் கேட்பாய். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற நீதானே, "பத்திரப்பதிவுதானேக்கா, ஒரு காலைப்பொழுது வேலை" என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டாய். கோடையில் தொடங்கிய அந்தக் காலைப்பொழுது இன்னும் மதியத்தைத் தொடவில்லை. வெளிநாட்டுக்காரர் வீடு வாங்க வரி எண் வேண்டும், வரி எண்ணுக்கு வங்கிக் கணக்கு வேண்டும், வங்கிக் கணக்குக்கு இந்த நாட்டில் சொந்த முகவரி வேண்டும். சொந்த முகவரிக்காகத்தானே வீடே வாங்குகிறேன் என்று வங்கிப் பெண்ணிடம் உன் மருமகளைச் சொல்லச் சொன்னேன். அவள் அதை ஒரு நல்ல கருத்தாக ஏற்றுக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். தரகர் ஒருவர் இருக்கிறார். உன் மருமகளிடமிருந்து "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்ற ஒரே தமிழ் வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் அதைச் சொன்ன மறுநாளெல்லாம் ஒரு கட்டணச் சீட்டு வருகிறது. அவர் முதலில் சொன்ன விலை வாசற்படி வரைக்குமான விலை போலிருக்கிறது. உள்ளே காலெடுத்து வைக்க வரி, வக்கீல், நோட்டரி, பதிவு, முத்திரை, சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு பொறியாளர், அவர் சரியாகத் தட்டினாரா என்று பார்க்க இன்னொருவர்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் வீடு அப்படி. மூன்றாம் மாடி, இரண்டே அறை. சமையலறை ஜன்னலில் நின்றால் உன் மருமகள் வீட்டு பால்கனி தெரிகிறது. வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாதபோது திரையை இழுத்துக்கொள்ளலாம். இப்போது நான் படுத்திருப்பது மாப்பிள்ளையின் இஸ்திரி மேஜைக்கும், அவர் ஏறி நான் பார்த்திராத உடற்பயிற்சி சைக்கிளுக்கும் நடுவில். அவர் துணி அலமாரியும் இதே அறையில்தான். தங்கமானவர். தன் சட்டையை எடுக்கத் தன் வீட்டுக் கதவைத் தட்டி "அத்தை, உள்ள வரலாமா?" என்று கேட்கிறவரை வேறெப்படிச் சொல்வது? அப்பா பெயரில் இருந்த வீட்டிலிருந்து உன் அத்தான் பெயரில் இருந்த வீட்டுக்குப் போனவள் நான். என் பெயரில் ஒரு கதவு இருக்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இங்கே சட்டம் என்னவென்றால், மணமானவர் வீடு வாங்கினால் துணையின் கையெழுத்தும் வேண்டும். துணை இல்லையென்றால் இல்லை என்பதற்குச் சான்று வேண்டும். பதிவு அலுவலகத்தில் உன் அத்தானின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். பழையதாம், மூன்று மாதத்துக்குள் எடுத்ததுதான் செல்லுமாம். இடையில் அவர் மனம் மாறியிருப்பார் என்று சந்தேகப்படுகிறார்களா என்று கேட்டேன், உன் மருமகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். புதிய சான்றிதழை உன்னிடம் கேட்டதும், உன் செல்வாக்குக்கு இதுவரை அது கிடைக்காததும் உனக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும் என்றார் தரகர். அதற்கு நீ அனுப்பிய வரைவில் "என் கணவர் இறந்துவிட்டார்" என்று இருந்தது. எறும்பும்தான் இறக்கிறது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு அப்படியா எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்? அதை அடித்துவிட்டு "இயற்கை எய்தினார்" என்று மாற்றினேன். நீ போனில் வேண்டாம் என்றதை நான் மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

கோர்ட்டில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளை. சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். தமிழ் அவருக்குச் சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான். மிச்சத்தை அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் நாணயமாகப் பெயர்த்துவிட்டார். நேற்று எல்லோரும் நோட்டரி அறையில் உட்கார்ந்திருந்தோம். நோட்டரி அம்மாள் எங்கள் மதர் சுப்பீரியரே மாறுவேடத்தில் வந்தது போல இருந்தார். பாதிப் பக்கம் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி ஏதோ கேட்டார். உன் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"அப்பா இப்போ எங்க இருக்கார்னு கேக்குறாங்கம்மா."

"எங்க இருக்காரா?"

"இயற்கையை அடைஞ்சுட்டார்னு போட்டிருக்காம். டவுன் வாழ்க்கை பிடிக்காம காட்டுப் பக்கம் போயிட்டாரா, அங்க போன் இருக்கா, கையெழுத்துப் போட வருவாரான்னு கேக்குறாங்க."

உன் அத்தானைப் பார்த்து இந்தக் கேள்வி. ஜன்னலைத் திறந்தால் சளி பிடிக்கும் என்றவர், புல்தரையில் காலுறை இல்லாமல் நிற்காதவர், பூந்தொட்டியைப் பூச்சிகளின் விடுதி என்றவர். வக்கீல் வேறு, பிரிந்து வாழ்கிற தம்பதிக்குத் தனிப் படிவம் இருக்கிறது, கட்டணம் மட்டும் சற்றுக் கூடுதல் என்று ஆறுதல் சொன்னார். உன் பாஷையில் சொன்னால், அந்த வீட்டின் மேல் எந்த வில்லங்கமும் இல்லை, உன் அத்தான் ஒருவரைத் தவிர.

நோட்டரி நல்லவர். மகள் விளக்குவது செல்லாது, காகிதமும் வேண்டாம், மனைவியே என் முன்னால் சத்தியம் செய்து ஒரு வார்த்தை சொன்னால் பதிந்துகொள்கிறேன் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து "காலமாயிட்டார்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் நெளிந்தார். "ஆன்ட்டி, காலம்னு வந்தா எனக்கே குழம்பிரும்."

"தவறிட்டார்."

"என்ன தப்பு பண்ணார்னு கேப்பாங்க ஆன்ட்டி."

"போய்ச் சேர்ந்துட்டார், போதுமா?"

"எந்த ஊருக்குன்னு கேப்பாங்க. 'இறந்துட்டார்'னு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி, அது எனக்கு நல்லா தெரியும்."

அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை தம்பி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், ஊருக்கெல்லாம் போன் போட்டு நீ சொன்னாய், நான் யாரிடமும் சொன்னதே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் முடியாவிட்டால் முன்பணம் போய்விடும், வீடும் வரிசையில் நிற்கும் வேறு ஒருவருக்குப் போய்விடும். போகட்டும். ஒரு சொல்லுக்காகவா வீட்டை விட்டாய் என்று கேட்டு எழுதாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எழுத்து கோணாமல் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அத்தை, உள்ள வரலாமா? ஒரு சட்டை மட்டும்." திறந்தால் மாப்பிள்ளை பனியனோடு நிற்கிறார். ஆபீசுக்கு நேரமாகி எவ்வளவு நேரமோ. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை தட்டாமலே நின்றிருக்கிறார். சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, நோட்டரிக்குப் போன் போடு என்று உன் மருமகளிடம் சொன்னேன். போய்ச் சொல்லிவிட்டேன். "இறந்துட்டார்." அவர்கள் பாஷையிலும் அது சின்னச் சொல்தான். நோட்டரி அம்மாள் மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குக் கட்டணம் போடவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு மட்டும் போட்டார். சாவி என் கைப்பையில் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. பல் டாக்டருக்கே வீட்டைக் கொடு, பீரோவை அவர் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நீ போட்டிருந்த சொல்தான் சரி. இந்த வரியை உன் மனைவிக்குப் படித்துக் காட்டாதே. கதவில் மாட்டப் பெயர்ப்பலகை சொல்லியிருக்கிறேன். அதற்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலியாம். என் பெயர் முழுதாக மிக நீளம், சுருக்கிப் போடலாமே என்று தரகர் சைகை காட்டினார். முழுதாகவே இருக்கட்டும், ஒண்ணும் பிரச்சினை இல்ல என்று சொல்லிவிட்டேன்.